தையல் சீராக இல்லை

கடிதம் எழுதுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், ஐயா. எங்கள் தெருவில் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "எங்க தம்பி எழுதினா கல்லும் கரையும்" என்பாள். பெற்றவர்கள் போன பிறகு அந்த மிஷினை மிதித்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். தனக்கென்று ஒரு குடும்பத்தை அவள் தேடிக்கொள்ளவில்லை. இதையெல்லாம் மறந்தவன் அல்ல நான். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, உறைகள், பசை டப்பா. குழந்தைகள் ஆடை நிறுவனம் என்று தலைப்புப் போட்டு, கவுன் அணிந்து சிரிக்கிற ஒரு குழந்தையின் படத்தையும் அச்சடித்த காகிதக் கட்டு. கடிதம் இப்படிப் போகும்: வீட்டிலிருந்தபடியே கைநிறையச் சம்பாதிக்கலாம். வெட்டிய துணியை நாங்கள் அனுப்புவோம். நீங்கள் தைத்து அனுப்பினால் போதும், அத்தனையையும் நாங்களே வாங்கிக்கொள்வோம். துணிக்கான முன்பணத்தை மட்டும் கட்டுங்கள். இடங்கள் குறைவு, உடனே எழுதுங்கள்.

எழுதுவார்கள். மட்டமான துணியை வெட்டி அனுப்புவேன். தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். அளவு மாறியிருக்கிறது என்று ஒன்று, நூலின் நிறம் பொருந்தவில்லை என்று ஒன்று, தையல் சீராக இல்லை என்று ஒன்று. கைக்கு வந்ததை எடுத்து ஒட்டுவேன். பார்சலைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சந்தையில் ஆயத்த ஆடை விற்கும் ஒருவர், சட்டைக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள், மூட்டையோடு வாங்கிப் போவார். ஆக, முன்பணமும் எனக்கு, சட்டையும் எனக்கு.

யாரையும் மிரட்டியதில்லை. என் கடிதங்களில் ஒரு கடுஞ்சொல் இருக்காது. 'மனம் தளராதீர்கள், அடுத்த முறை நிச்சயம்' என்றுதான் முடிப்பேன். பெரும்பாலானவர்கள் ஒருமுறையோடு விட்டுவிடுவார்கள். தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து, வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். வெட்கம் நல்ல பூட்டு, ஐயா. சாவியை நான் தேட வேண்டியதே இல்லை.

முகவரிகளைத் தையல் மிஷின் தவணைக்கு விற்கும் கடையில் வாங்கினேன். உறைகளில் அவற்றை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அக்காவின் பெயர் வந்தது. கை ஒரு கணம் நின்றது உண்மைதான். அந்த ஓர் உறையை எடுத்துத் தனியே வைத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் யோசித்தேன். அதைத் தனியே வைத்தால் மற்றவை என்னவென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லாவற்றோடும் சேர்த்துத் தபாலில் போட்டேன்.

அவளுக்கு அப்போதே கண்ணில் கோளாறு ஆரம்பித்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தள்ளிப்போடாமல் அறுவை செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்தான் அழைத்துப் போயிருந்தேன். செலவில் பாதிக்கு மேல் அக்காவே சேர்த்து வைத்திருந்தாள். மீதிக்கு என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. "உனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என்னிடம் இருந்தது.

அடுத்த முறை நான் போனபோது அவள் அடுக்களை மேசையில் என் கடிதத்தை விரித்து வைத்திருந்தாள். ஓரங்களில் உப்பு டப்பாவும் டம்ளரும் வைத்து, பறக்காமல்.

"வாடா. படிச்சவன் நீ, பாத்துச் சொல்லு. இது நல்ல கம்பெனியா?"

படிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஏன்க்கா, நல்லாத்தானே எழுதியிருக்கான்?"

"அதான்டா சந்தேகம். ரொம்ப நல்லா எழுதியிருக்கான். பொண்ணு பாக்க வந்தவன் பேசற மாதிரி." சிரித்தாள். பிறகு விரலைக் காகிதத்தில் வைத்தாள். "வேலை பாக்கறவ நான். எனக்கு அவன் காசு குடுக்கணுமா, அவனுக்கு நான் குடுக்கணுமா?"

"அது துணிக்குக்கா. துணியை எடுத்துட்டு ஓடிப்போறவங்க இருப்பாங்கல்ல? அவனுக்கும் ஒரு பாதுகாப்பு வேணாமா?"

"சரி. தெருப் பேரே காணோம். வெறும் தபால் பெட்டி எண்தான் போட்டிருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா எந்தக் கதவைத் தட்டுறது?"

"பெரிய கம்பெனி எல்லாமே இப்படித்தான். கடிதம் குவியுமில்ல."

"இடம் குறைவு, உடனே எழுதுங்கறான். அவ்வளவு கிராக்கின்னா என்னை மாதிரி ஒருத்தியைத் தேடி எதுக்குடா கடிதம் போடறான்? நான் என்ன, ஊருக்கே தெரிஞ்ச தையல்காரியா?"

"உன் கை அப்படிக்கா. யாராவது சொல்லியிருப்பாங்க."

ஐயா, இப்படிக் கடிதம் வந்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஜனங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்தால், அக்காவைக் கூப்பிட்டுப் பேசவிடுங்கள். அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. என் தொழிலில் இருந்த ஓட்டை அத்தனையிலும் அவள் விரல் போய் நின்றது. நான் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தேன்.

"எனக்கென்னவோ மனசு ஒப்பல. நீ சொன்னா சரி" என்றாள் கடைசியில். "நீ சொல்றியா?"

"நல்ல கம்பெனிதான்க்கா" என்றேன்.

எழுந்து போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து பணத்தை எடுத்து வந்தாள். கண்ணுக்காக வைத்திருந்த பணம். அதை இரட்டிப்பாக்கிவிட்டால் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவளால் வரிசையில் நிற்க முடியாது என்று நானே தபால் நிலையத்தில் கட்டினேன். அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

முதல் மூட்டைக்குப் போன பதில், தையல் சீராக இல்லை என்பது. வேண்டுமென்று எடுக்கவில்லை. அதுதான் கைக்கு வந்தது. எழுத்து மங்குகிறது என்று அக்கா அதை என்னிடமே படிக்கக் கொடுத்தாள். படித்தேன். வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். அவள் தலையாட்டினாள்.

"கண்ணு சரியில்லாம தச்சா இப்படித்தான். அவங்க சொல்றது நியாயம். பாரு, திட்டாம எவ்வளவு பக்குவமா சொல்றாங்க."

அன்றிலிருந்து சாமி கும்பிடும்போது அந்த மேலாளரையும் சேர்த்துக்கொண்டாள். நல்ல மனுஷன், அவன் குடும்பம் நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே வேண்டுவாள். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என் குழந்தைகளுக்குக் காய்ச்சல்கூட வராமல் இருந்தது அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

மறுபடி முன்பணம் கட்டினாள். மறுபடி தைத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தையலையும் விரல் நுனியால் தடவி, நம்பிக்கை வராமல் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பாள். ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் முழுக்கப் பிரித்து மறுபடி தைப்பாள். மருத்துவர் கொடுத்த தேதியை மாற்றிக்கொண்டே போனாள். "இந்த முறை எடுத்துக்குவாங்கடா. எடுத்துக்கிட்டா அந்தக் காசோட நேரா ஆஸ்பத்திரிதான்" என்பாள். அவளுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்ன காரணம் சொல்வது? ஒரே ஒருமுறை ஏற்றுக்கொண்டதாக எழுதிப் பணம் அனுப்பிவிடலாம் என்று பலதடவை நினைத்தேன். அனுப்பினால் அவள் தெருவெல்லாம் சொல்வாள், தைத்து ஏமாந்த மற்றவர்களும் எழுந்து வருவார்கள். தொழிலில் ஓர் ஒழுங்கு வேண்டும்.

சட்டைக்காரர் ஒரு நாள் மாடிக்கு ஏறி வந்தார். கையில் ஒரு சின்னக் கைக்குட்டை.

"சார், இந்தச் சணல் முடிச்சுப் போட்டு வர்ற மூட்டை யாரோடது?"

"ஏன், மோசமா இருக்கா?"

"மோசமா? கடையில முதல்ல போறதே அதுதான். கவுனை உள்பக்கம் திருப்பினா எது உள்பக்கம்னு தெரியல. அது இருக்கட்டும், ஒவ்வொரு மூட்டையிலயும் இப்படி ஒரு கைக்குட்டை இருக்கு. ஓரம் அடிச்சு, மூலையில ஒரு பூ வேற. கூடவே ஒரு சீட்டு. 'பிரிக்கிறவங்களுக்கு. தூசியில வேலை பாக்கறீங்க, மூக்கைத் தொடச்சிக்க'ன்னு." அவர் உட்காரவில்லை. "பாவம் சார். நாம வேற யாரை வேணா ஏமாத்தலாம். இந்த அம்மாவுக்காவது ஏதாவது குடுங்க. எனக்கு ராத்திரி சோறு இறங்க மாட்டேங்குது."

"பாக்கறேன்" என்றேன். கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மூட்டை எடுக்க வரவில்லை. பசை துடைக்கத் துணி இல்லாமல் இருந்தது. அதற்கு அதை வைத்துக்கொண்டேன்.

மழை பிடித்த சமயம் அது. அக்காவுக்கு முதலில் இடது கண் போனது. வலது கண்ணில் ஒரு சாவித்துவாரம் அளவுக்கு மட்டும் வெளிச்சம் இருப்பதாகச் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். பிறகு அதுவும் போனது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். ஏழைகள் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

நான் எப்படி மாட்டினேன் என்று நீங்களே அறிவீர்கள். கடைசி மூட்டையில் பாதிக்கு மேல் தைக்காமலே கிடந்தது. அக்காவுக்கு அது உறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தபால் நிலையத்துக்கே போயிருக்கிறாள். அந்தப் பெட்டி எண்ணுக்கு உரியவர் வந்தால் கொடுங்கள் என்று வெட்டிய துணியை மேசைமேல் வைத்து, "ஒத்துக்கிட்ட வேலையை முடிக்க முடியலம்மா. அவங்க மூணு தடவைக்கு மேல பொறுத்துப் போனாங்க. மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாளாம். அங்கிருந்த எழுத்தர் அம்மா எழுந்து வந்து, அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எவ்வளவு கட்டினீர்கள் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். நல்ல அம்மா. எல்லோரும் அப்படி ஒரு நிமிடம் எழுந்து வந்து கேட்டுவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பிழைக்க முடியாது.

நடந்தவை எல்லாம் நான் செய்தவைதான். கடிதங்களை எழுதியது நான், பணத்தை வாங்கியது நான். அக்கா கடிதத்தை நம்பவில்லை, நான் நம்பவைத்தேன். அவள் கண்ணுக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளிடம் என்னைப் பற்றி நீங்கள் சொல்லிவிட்டு வந்தபோது, அவள் அழவில்லை, திட்டவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள் என்றீர்கள். "அப்போ என் தையல் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று. அதுதான் என் மனதைப் பிசைகிறது.

ஒரு காகிதம் கொடுங்கள், ஐயா. நிறுவனத்தின் காகிதமாக இருந்தால் நல்லது, உங்கள் ஆட்கள் எடுத்துவந்த கட்டில் இருக்கும். தையல் மிக நேர்த்தி, அத்தனையையும் ஏற்றுக்கொண்டோம் என்று எழுதித் தருகிறேன். பிறகு என்னை ஒரே ஒருமுறை அவளிடம் கூட்டிப்போங்கள். நானே படித்துக் காட்டுகிறேன். வேறு யார் படித்தாலும் அவளுக்குச் சந்தேகம் வரும். என் குரலில் கேட்டால்தான் அவள் நம்புவாள்.