நான்காவது கேள்வி

எனக்கு நல்ல மூக்கு. பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். மனைவி இதைக் கேலி செய்வாள். ஆனால் பதினெட்டு வருடமாக என் பிழைப்பே இந்த மூக்கில்தான் ஓடுகிறது. விசாரணைக் குழுவினர் மூவரும் வேறு துறைக்காரர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில், மண்ணில் தங்கிவிட்ட பூச்சிமருந்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றை நான்கு குடுவைகளில் வளர்த்துவந்தோம். ஏழு வருட உழைப்பு. தினமும் பாதிக் கரைசலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். சேற்றுநிறக் கலங்கல் என்பதால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. மூடியைத் திறந்ததும் முகர வேண்டும். மழை விழுந்த மண் வாசனை வந்தால் நலம். புளிப்பு அடித்தால் வேறு கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றே கவனித்தால் பிழைக்கும்.

நோய் பரவிப் பல்கலைக்கழகத்தைப் பூட்டியபோது ஆய்வகத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டுதான் தந்தார்கள். ஒன்று எனக்கு, இன்னொன்று ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவிக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் தனித்தனியாக வருவதாக ஏற்பாடு. மற்ற நேரமெல்லாம் கணினித் திரையில் அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். "கேக்குதா?" என்பேன், பதில் வராது. சுவரோடு பேசினாலாவது எதிரொலி கேட்கும். இதற்கு நடுவில், ஆய்வறிக்கைக் காலக்கெடுவில் மாற்றமில்லை என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து வாரம் தவறாமல் சுற்றறிக்கை. பூட்டியதும் அவர்கள்தான், ஓடு என்றதும் அவர்கள்தான். என் எரிச்சலைக் குழு புரிந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

மாணவி முதல் நாளே என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே.

"சார், உங்களுக்கு லேசா தும்மல் வந்தாக்கூட எனக்குச் சொல்லிடுங்க சார். நான் வரமாட்டேன். அப்பா தாங்கமாட்டார்."

"சொல்றேன்மா. இதுக்குப் போயா இவ்வளவு யோசிக்கிறே" என்றேன். அப்போது அதை உண்மையாகவே சொன்னேன்.

பிறகு அவள் அப்பாவை நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அவள் முறையையும் நானே பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்காமலே செய்தேன், இதையும் குழு பதிவு செய்ய வேண்டும். அந்த நான்கில் முதல் நாள் காலை, அடுப்பில் பால் கரிந்து புகைந்தது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குளியலறையிலிருந்து மனைவி ஓடிவந்து, "பால் தீயுதே, மூக்கு எங்கே போச்சு உங்களுக்கு?" என்றாள். காபித் தூளை முகர்ந்தேன், சோப்பை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழக வாசலில் தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காய்ச்சல், இருமல், நோயாளியோடு தொடர்பு, நான்காவதாக வாசனை இழப்பு. காவலாளி கண்ணாடி போடாததால் வாய்விட்டுக் கேட்பார்.

"வாசனை தெரியுதுங்களா ஐயா?"

"உங்க பீடி வாசனை கேட்டுக்கு வெளியவே வருது" என்றேன். அவர் சிரித்தார். 'இல்லை' என்று குறித்துவிட்டு உள்ளே போனேன். 'ஆம்' என்றால் ஆய்வகத்துக்குப் பதினான்கு நாள் முத்திரை வைத்துவிடுவார்கள். குடுவைகள் இரண்டு நாள்கூடத் தாங்காது.

அன்று முதல் வீட்டில் என் படிப்பறையிலேயே படுத்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். வகுப்புச் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவனமாக இருந்தால் இந்த நோயைத் தடுக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஐந்தாம் நாள் மாணவி ஆய்வகத்திலிருந்து அழைத்தாள்.

"சார், நாலு குடுவையும் புளிச்சு நாறுது. கதவைத் திறந்ததுமே குப்புனு அடிக்குது. நேத்து உங்களுக்குத் தெரியலையா?"

நான்கு நாளும் நான் திறந்து, குனிந்து, முகர்ந்து, 'மண் வாசனை, நலம்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். பழக்கம் கையில் இருந்தது, மூக்கில்தான் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. நீ இன்னிக்குக் கையைச் சரியாத் துடைச்சியா?" என்று கேட்டேன்.

"துடைச்சேன்னுதான் நினைக்கிறேன் சார்" என்றாள்.

காப்பாற்ற ஒருவர் போதாது. இரண்டு நாள் அவளும் நானும் அந்தச் சிறிய அறையில் அருகருகே நின்றோம். தூசி பறக்கக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தினோம். என் மூக்குக்கண்ணாடி நீராவி படிந்து மறைத்ததால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக நீட்டினாள், நான் முகர்ந்து, "இது தேறும்" என்றேன். ஒருமுறை என்னை உற்றுப் பார்த்து, "சார், உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன்.

குடுவைகள் பிழைக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவள் அப்பா இறந்தார். தொலைபேசியில், "நான்தான் சார் ஆஸ்பத்திரியிலிருந்து நோயைக் கொண்டு வந்துட்டேன்" என்று அழுதாள். "உன்னையே குத்தம் சொல்லிக்காதம்மா" என்று தேற்றினேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? பிறகு துக்கம் விசாரிக்க அழைத்த என் மனைவிதான், பால் தீய்ந்த கதையை வெள்ளந்தியாக அவளிடம் சொல்லிவிட்டாள். அதன் பிறகே உங்களுக்குப் புகார் வந்தது.

ஆகவே, கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், எனக்குத் தெரியும். முதல் நாள் காலையிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அவள் பக்கத்தில் நின்றேன்.

குழுவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பழைய குடுவையிலிருந்து எடுத்து உறைய வைத்த இரண்டு குழாய்கள் இன்னும் உறைபெட்டியில் உள்ளன. அவற்றை எழுப்பப் பக்குவமான கையும் நல்ல மூக்கும் வேண்டும். என் மூக்கு இன்னும் திரும்பவில்லை. தயவுசெய்து அவளிடம் பேசிப் பாருங்கள், இப்போது வீட்டில் கவனித்துக்கொள்ள யாரும் இல்லாததால் அவளுக்கு நேரமும் இருக்கும்.