பத்துக் கட்டை, பத்துக் குழி

வஹீதா: இன்னும் கீழ... அலமாரித் தட்ட இன்னும் கொஞ்சம் இறக்குங்க மருதண்ணே.

மருதை: இதுக்குக் கீழ தரைதான் இருக்கு, டீச்சரம்மா.

வஹீதா: அங்கதான் வேணும். நாலு வயசுப் புள்ள உட்கார்ந்தபடியே எடுக்கணும்.

மருதை: நான் கடைஞ்ச சாமான எல்லாரும் கண்ணாடி பீரோவுல வைப்பாங்க. நீங்க என்னடான்னா கால் படுற இடத்துல...

வஹீதா: கை படுற இடம். இது ஆட்டிக் கேக்குற மணிப்பெட்டி, பக்கத்துல தடவிப் பாக்குற துணிப்பெட்டி. உங்க கட்டை நடுவுல.

மருதை: நடுவுலயா? ...அப்ப சரி.

வஹீதா: இப்ப மட்டும் சிரிப்பு வருதாக்கும்! இந்த உலகச் சண்டை முடியுற வரைக்கும் சீமைச் சாமான் கப்பல்ல வராது. அதான் உங்ககிட்ட சொன்னேன்.

மருதை: வந்தாலும் இவ்வளவு நேர்த்தியா வருமா? ...டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும்.

வஹீதா: முதல்ல அந்தப் பாயெல்லாம் எண்ணி அடுக்குங்க. பத்து மணிக்குப் புள்ளைங்க வந்துடும்.

மருதை: ...பதினெட்டு, பத்தொம்பது, இருபது. பத்தொம்பது புள்ளைங்கன்னுதானே சொன்னீங்க? ஒண்ணு கூட இருக்கு.

வஹீதா: இருக்கட்டும். என்னமோ கேக்கணும்னீங்களே?

மருதை: இல்ல... சாமான் சரியா இருக்கான்னு...

வஹீதா: பத்துக் கட்டை, பத்துப் பருமன், பலகையில பத்துக் குழி. ஒண்ணோட குழியில இன்னொண்ணு அச்சா உட்கார்ந்துச்சுன்னா திருப்பிக் குடுத்துடுவேன்.

மருதை: சீரங்கத்துத் தேருக்குக் குமிழ் கடைஞ்ச கை இது! கலைச்சு வைங்க. ஆறு வயசுப் புள்ள கண்ணக் கட்டிக்கிட்டு, தடவியே பத்தையும் போட்டுடும்.

வஹீதா: எந்தப் புள்ள?

மருதை: ...பொதுவா சொன்னேன்.

வஹீதா: ஒரு வாரம் தாமசமா கொண்டுவந்தீங்களே, அது?

மருதை: பட்டறையில கடைசல் சக்கரத்தோட வார் அறுந்துபோச்சுன்னு அப்பவே...

வஹீதா: சரி. இந்தக் கட்டையோட தலைக் குமிழப் பாருங்க. என்ன தடம் இது?

மருதை: எலி கடிச்சிருக்கும்.

வஹீதா: உங்க பாலக்கரைப் பட்டறை எலிக்கு முன்பல்லு ஒண்ணு விழுந்துடுச்சோ? சொல்லுங்கண்ணே.

மருதை: எம் பொண்ணு, ராக்கம்மா. காது கேக்காது, பேச்சும் வராது. ரெண்டு ஸ்கூல்ல போய் நின்னேன். பேர் சொல்லத் தெரியாத புள்ளைக்கு என்னத்த சொல்லித்தர்றதுன்னு அனுப்பிட்டாங்க. இத வாசல்ல காய வச்சிருந்தேன்... அவளா எடுத்துப் போட்டா. மூணு இடத்துல தப்பு. கடைசிக் கட்டை உட்காரல. அவளே எல்லாத்தையும் எடுத்து மாத்தினா! அப்புறம் வேடிக்கையா கண்ணக் கட்டிவிட்டேன். பத்தும், டீச்சரம்மா... பத்தும்!

வஹீதா: மாஷா அல்லா! அதான் ஒரு வாரமா?

மருதை: கையிலேருந்து பிடுங்க மனசு வரல. தப்புதான். அந்தக் குமிழ வேற கடைஞ்சு தரேன்.

வஹீதா: தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்.

மருதை: பேச்சே வேண்டாத பாடம்னு அன்னைக்குச் சொன்னீங்களே... அதான் கேக்க வந்தேன். அவளுக்கு இங்க...

வஹீதா: போன செவ்வாக்கிழமை, சாமான் என்ன ஆச்சுன்னு பாக்க உங்க பட்டறைக்கு வந்தேன். நீங்க இல்ல. வாசல்ல ஒரு புள்ள கண்ணக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பத்தாவது கட்டை குழியில இறங்குறவரைக்கும் நின்னு பாத்தேன். அப்புறம் நேரா பாய்க்கடைக்குத்தான் போனேன்.