படிக்கட்டு அம்மாவும் நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் புள்ளியியல் துறை இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்த சக அதிகாரிகளே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, இருக்கைகளை நிறைத்து, இடம் போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் எட்டாம் வட்டத்து மக்களே, உங்கள் எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நம் இணை இயக்குநர், தலைநகர் உற்பத்தி மதிப்பீட்டுப் பிரிவின் தலைவி, நம் அனைவருக்கும் 'படிக்கட்டு அம்மா', மறைந்து இரண்டு வாரமாகிறது. அவரைப் பற்றிப் பேச என்னைக் கடைசி ஆளாக அழைத்திருக்கிறார்கள். கூடுதல் இயக்குநர் என்ற முறையில் அவருக்கு மேலதிகாரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். எனவே எல்லோரையும்விட எனக்கே அதிகம் தெரியும் என்று நினைத்து அழைத்திருக்கலாம். தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும்.

இந்த மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் எண்ணிவிட்டேன். நிற்பவர்கள் எழுபத்துநான்கு பேர். எண்ணி முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? துக்கமா? இல்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிற எனக்கு, அதற்குப் பின் ஒரு நாள் இப்படி ஒரு கூட்டம் நடந்தால், இந்த நாற்காலிகளில் பாதியாவது நிறையுமா என்று தோன்றியது. எட்டாம் வட்டத்தில் இன்று மதியம் ஒரு தையல் இயந்திரமும் ஓடவில்லை என்று வாசலில் ஒருவர் சொன்னார். அரை நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த நகரத்தின் இன்றைய உற்பத்தியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அவருக்காக விழுந்த பள்ளம். எனக்காக எந்த இயந்திரம் நிற்கும் என்று கேட்டுக்கொண்டேதான் மேடை ஏறினேன்.

இதென்ன பேச்சு என்று பார்க்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய மூவரும் ஒரே செய்தியைச் சொன்னார்கள். அம்மையாரின் திறமையை முதலில் கண்டறிந்தவர் நான்தானாம். மேஜையில் உட்கார்ந்திருந்தவரை எட்டாம் வட்டத்துக்கு அனுப்பி, அவர் பெருமை பெற வழி செய்தவர் நான்தானாம். அடக்கம் முடிந்த அன்று அவருடைய கணவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் சார் அவளுக்கு இவ்வளவு பேரு" என்றார். அந்த நன்றி இரண்டு வாரமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை இன்று இங்கே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

எட்டாம் வட்டத்துக்காரர்களுக்காக எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓராண்டில் இந்தத் தலைநகரம் எவ்வளவு உழைத்தது, அந்த உழைப்பால் எவ்வளவு மதிப்பு புதிதாக உண்டானது என்று ஒரே எண்ணில் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எந்தத் தெருவுக்குப் பேருந்து விடுவது, எந்த வட்டத்துக்கு மருத்துவமனை கட்டுவது என்று முடிவு செய்வார்கள். முதல் மதிப்பீட்டைத் தயாரித்தவன் நான். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல், அவர்கள் அனுப்பிய படிவங்கள், என் மேஜை, என் நாற்காலி. ஒன்றரை ஆண்டில் ஒரு முறைகூட எழுந்து வெளியே போகாமல் முடித்தேன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

பரிசீலனைக் கூட்டத்தில் எங்கள் இருவரையும் தவிர பதினோரு பேர் இருந்தார்கள். வேலையில் சேர்ந்து ஏழு மாதமே ஆன அம்மையார் கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தார். மிகப் பணிவாகத்தான் கேட்டார்.

"சார், நாலாம் வட்டத்துல, கடிகாரக் கடைக்கு மேல அஞ்சாவது மாடியில ஒரு சுரங்கம் இருக்குன்னு போட்டிருக்கு. நேத்து போய்ப் பார்த்தேன். மூணு மேஜையும் ஒரு பூந்தொட்டியும்தான் சார் இருக்கு."

சுரங்கம் முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அதன் தலைமை அலுவலகம் மட்டும்தான் இங்கே. முகவரி இங்கே இருக்கிறது என்பதால், அங்கே தோண்டி எடுத்த அத்தனையையும் தலைநகரின் உற்பத்தியாகச் சேர்த்துவிட்டேன். நகரத்தின் நடுவில் ஐந்தாவது மாடியில் நிலக்கரி வெட்டியிருக்கிறேன்! பதினோரு பேரும் சிரித்தார்கள். அப்போதைய இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் நான் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டேன். 'களப்பணி அனுபவம் தேவைப்படுவதால்' என்று காரணம் எழுதினேன். எட்டாம் வட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன்? அங்கே யாரும் போக மாட்டார்கள் என்பதால். குறுகிய சந்துகள், மின்தூக்கி இல்லாத ஆறு மாடிக் கட்டடங்கள், கதவைத் திறக்காத மக்கள். பட்டியலில் அந்த வட்டத்துக்கு இருந்தது வெறும் முப்பத்தேழு நிறுவனங்கள். அங்கே அலைந்து கால் ஓய்ந்து, இடமாற்றம் கேட்டு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஐயா, அம்மையாரின் கணவரே, கேட்டுக்கொள்ளுங்கள். நான் அவருடைய திறமையைக் கண்டறியவில்லை. அதைப் பார்த்து வயிறு எரிந்துதான் அனுப்பினேன். அந்த நன்றியை இந்தச் சபையில் உங்களிடம் திருப்பித் தருகிறேன்.

'படிக்கட்டு' என்ற பெயரை வைத்ததும் நான்தான். பாசத்தில் வைக்கவில்லை. சாப்பாட்டு வேளையில், "எங்க நம்ம படிக்கட்டு? இன்னும் ஏறிக்கிட்டே இருக்குதா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். இரண்டு ஆண்டில் அதே பெயர் மரியாதைச் சொல்லாகிவிட்டது. அமைச்சரே அவரைப் 'படிக்கட்டு அம்மா' என்று அழைத்தபோது நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். என் கைத்தட்டல் எவ்வளவு வலுவாக இருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, நல்லவேளை.

அவர் ஓடவில்லை. என்ன செய்தார்? ஒவ்வொரு கட்டடத்திலும் மாடித் திருப்பத்தில் நின்று, படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார். மேலே எங்காவது தையல் இயந்திரமோ அச்சு இயந்திரமோ ஓடினால் அந்த அதிர்வு கைப்பிடி வழியாக இறங்கி வரும். அதைப் பிடித்துக்கொண்டே ஏறுவார். அதிர்வு எந்தக் கதவருகே பலமாக இருக்கிறதோ அந்தக் கதவைத் தட்டுவார். பெயர்ப்பலகை இல்லாத, பதிவில்லாத, எங்கள் பட்டியலுக்கே தெரியாத கதவு.

கதவைத் திறந்தவர்கள் என்ன சொல்வார்கள்? அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார் காலர் தைக்கிற அம்மா. அவரைப் பற்றி அம்மையார் எழுதிய குறிப்பை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வேலை என்ன என்று கேட்டதற்கு, "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றாராம். அம்மையார் தரையில் உட்கார்ந்துகொண்டு, "சரிக்கா, நேத்து சும்மா இருந்தப்போ எத்தனை காலர் தைச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். இந்தம்மா யோசித்துவிட்டு, "அறுபது இருக்கும்" என்றாராம். சும்மா இருந்தவர்களின் அறுபது காலர்கள், நூறு பெட்டிகள், இருநூறு பித்தான் துளைகள். மூன்று ஆண்டுகள் கழித்து அம்மையார் திரும்பி வந்தபோது முப்பத்தேழு, நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. தலைநகரின் மொத்த உற்பத்தி நூற்றுக்கு ஆறு உயர்ந்தது. நகரம் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. செய்துகொண்டிருந்ததை முதன்முதலாக ஒருவர் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதே சரி. ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் எட்டாம் வட்டத்துக்குப் போனேன். ஒரு கட்டடத்தில் நுழைந்து, அவர் செய்வது போலவே கைப்பிடியில் கையை வைத்தேன். அதிர்ந்தது! மூச்சு வாங்க நான்காவது மாடி வரை ஏறினேன். அவருடைய பட்டியலில் இல்லாத ஒரு பூட்டிய கதவருகே அதிர்வு அதிகமாக இருந்தது. பன்னிரண்டு இயந்திரங்களாவது ஓடும் என்று முடிவு கட்டினேன். அந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்! அலுவலகம் திரும்பியதும், களப்பட்டியலில் ஒரு முழுத் தொழிற்கூடம் விடுபட்டுவிட்டது என்று கடுமையாகக் குறிப்பு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் என் கோப்புக்குள் ஒரு துண்டுச்சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அது தண்ணி மோட்டார் சார். பத்தரைக்கு நின்னுடும்" என்று எழுதியிருந்தார். என் குறிப்புக்குக் கோப்பிலேயே பதில் எழுதியிருக்கலாம். பத்து அதிகாரிகள் படித்திருப்பார்கள், ஐந்தாவது மாடிச் சுரங்கத்துக்குத் துணையாக நான்காவது மாடி மோட்டாரும் சேர்ந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. என் குறிப்பையும் கோப்பிலிருந்து எடுத்து அந்தச் சீட்டோடு வைத்து என்னிடமே கொடுத்துவிட்டார். நான் நன்றி சொன்னேனா? இல்லை. பெருந்தன்மையிலும் இவர் முந்திக்கொண்டாரே என்று ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அவரைச் செதுக்கியது நான் போட்ட உத்தரவு என்றால், அவருடைய இரண்டு முழங்கால்களையும் தின்றதும் அதே உத்தரவுதான். இணை இயக்குநரான பிறகும் காலாண்டுக்கு ஒரு சுற்று அவரே போனார். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் போனார். நான் ஏன் அனுப்பினேன் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது கடைசிச் செய்தி. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. சென்ற மாதம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மூச்சு விடவே சிரமப்பட்டார். தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், மூணாவது சந்துல புதுசா ரெண்டு கதவு சேர்ந்திருக்கு. அடுத்த சுத்துல விட்டுடாம பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார். நான் தலையாட்டினேன். குறித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அடுத்த சுற்றே இல்லை. இனிமேல் எட்டாம் வட்டத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, மின் கட்டணத்தை வைத்து மேஜையிலிருந்தே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் எழுதிய பரிந்துரை, அப்போதே இயக்குநரின் மேஜைக்குப் போயிருந்தது. செலவு மிச்சம் என்று எழுதியிருந்தேன். உண்மைக் காரணம் செலவு இல்லை. அவர் பெயர் சொல்கிற வேலை அவரோடு முடியட்டும் என்பதுதான்.

சென்ற வாரம் அந்தச் சந்துக்குப் போனேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கையை வைத்தேன். இந்த முறை பத்தரை மணி தாண்டும்வரை காத்திருந்தேன். நிற்கவில்லை. இரண்டு கதவுகளும் இருக்கின்றன. ஒன்றில் பை தைக்கிறார்கள், மற்றொன்றில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார்கள். இதற்கு முன் யாரும் வந்து தட்டியதில்லை என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். மின் கட்டணத்தில் அட்டைப்பெட்டி எங்கே தெரியப்போகிறது? பசையும் பத்து விரலும்தானே முதலீடு. கைப்பிடியும் அதைச் சொல்லியிருக்காது. அந்தக் கதவை அம்மையார் தட்டிப் பார்க்காமலேயே எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. இதையும் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

இயக்குநர் அவர்களே, என் பரிந்துரையை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். நாளைக் காலை எழுத்திலும் தருகிறேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு காலாண்டுகள் இருக்கின்றன. அந்த நான்கு சுற்றுகளையும் நானே போகிறேன். எனக்குப் பின் இந்தச் சுற்றை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று இளைய அதிகாரிகள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். படி ஏறத் தெரிந்தால் போதும், என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். இதுதான் நான் அம்மையாருக்குச் செலுத்தும் அஞ்சலி.

ஆனால் எனக்குத் தெரியும், என்ன நடக்கும் என்று. நான் கதவைத் தட்டுவேன். திறப்பவர் என்னைப் பார்ப்பார், எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்ப்பார், பிறகு, "அக்கா வரலையா?" என்று கேட்பார். இங்கே வர முடியாதவர்கள், சேதி எட்டாதவர்கள் எத்தனையோ பேர். அப்படியே எட்டியிருந்தாலும் வாய் தவறிக் கேட்டுவிடுவார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள். ஒவ்வொரு கதவிலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒவ்வொரு கதவிலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்வேன்.

புதிய இரண்டு கதவுகளில் மட்டும் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் அக்காவைப் பார்த்ததே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை முதலில் வந்து தட்டியவன் நான். பத்தொன்பது ஆண்டுகளாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். அந்த இரண்டு கதவுகளிலும், யாரும் கேட்காமலேயே, நானாகச் சொல்வேன்: உங்களை முதலில் எண்ணியது நான் இல்லைம்மா.