முதுகைத் துடைக்காத சிலை

பிளேன்டீ ஆறிவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, அப்படியே வையுங்கள். சூடாகக் குடிக்கிற அவசரம் எனக்கு இப்போது இல்லை.

என் பெயர் தியாகராஜா. கண்டியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். உண்மையில் அங்கே பழையது எதுவும் இல்லை. புது வெண்கலச் சிலைகளை நானும் சுதேஷும்தான் பழசாக்கினோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. உப்பும் வினாகிரியும் கலந்த ஈர மண்ணில் புதைத்தால் வெண்கலம் அரிக்கத் தொடங்கும், பச்சை பூக்கும். மழைக்காலம் கழித்து எடுத்தால் சோழர் காலத்துச் சிலை.

முன்பக்கத்தை மட்டும் மெல்லத் துடைப்போம். முதுகைத் தொடமாட்டோம். அங்கே ஒட்டிய மண்ணையும் பச்சையையும் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் நம்புவார்கள்.

சுதேஷ் என் தங்கை சுபாஜினியின் கணவன், நாவலப்பிட்டிக்காரன். மகள் பிறந்த பிறகு அவன் மாறிப்போனான்.

"போதும் மச்சான். நா பொலிஸ்ல போய் சொல்லிடப் போறேன். நீங்களும் வாங்க," என்றான், குழி வெட்டிக்கொண்டே.

எனக்குக் கோபம் வரவில்லை, களைப்பாக இருந்தது. கடை போனால் அவன் குடும்பமும்தானே தெருவில் நிற்கும்? அவன் குனிந்தபோது மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தேன். ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் குழி வெட்டுவது அக்கம்பக்கத்துக்குத் தெரியும். புதுமண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தனியாகக் கிடக்கக் கூடாதென்று அவன் மார்பின் மேல் அம்மன் சிலையைப் படுக்க வைத்து மூடினேன். சொல்லாமல் கட்டாருக்குப் போய்விட்டான் என்று சுபாஜினியிடம் சொன்னேன். அழுதாள். அரிசி, பால்மா எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மழைக்காலம் கழிந்ததும், எங்கள் சிலைகளை வெளியே விற்றுத் தரும் அக்குறணை லாபிர் பெரிய சிலையாகக் கேட்டு நச்சரித்தார். வேறு பெரியது இல்லாததால் அம்மனை மட்டும் தோண்டி எடுத்தேன். வழக்கம்போல முதுகைத் துடைக்கவில்லை.

வெண்கலத்திலிருந்து கசியும் செம்பு உப்பு கிருமிகளைக் கொன்றுவிடும். அதனால் சிலையை ஒட்டிய துணி மக்காமல், நூல் நூலாகப் பச்சையில் இறுகிப் போயிருந்தது. லாபிர் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தியாகு, சோழ ராசா பொக்கெட் வச்ச சேர்ட்டா போட்டாரு? பொத்தானும் ஈக்குது!"

பிறகு சிரிப்பு நின்றது.

"சுதேஷ் எங்க?"

பாசம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது, ஐயா. பக்கத்தில் சின்னச் சிலைகளும் இருந்தன. ஆனால் அவன் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் இருந்ததிலேயே கனமானதைத் தூக்கி வைத்தேன்.