அறுபத்து நாலாம் பக்கத்துக் கடல்

"ஹலோ… ஹலோ! யாரு, லாட்ஜா?… மாமல்லபுரம்தானே?… நான் செங்கல்பட்டு அப்துல் சுபஹான். ஆணிக்கடை பாய். காலையில பத்து மணிக்கு புக் பண்ண டிரங்கால், இப்பதான் கெடச்சுது… உங்க லாட்ஜுக்குப் பின்னாடி வூட்டுல ஆர்ட்டிஸ்ட் பன்னீர்செல்வம்னு ஒருத்தர் கீறாரு… ஆமா, ஆமா, ஒல்லியா, தாடியோட… அவரேதான். ரவ கூப்புடுங்க… தூங்கினா எழுப்புங்க! நான் நேத்திலருந்து தூங்கல, அவருக்கு மட்டும் இன்னா தூக்கம்?"

சுபஹான் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கல்லாவுக்குக் கீழே பார்த்தார். டிரங்குப் பெட்டி திறந்தபடி கிடந்தது. உள்ளே எண்பது படங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த 'பவளத்தீவுப் படகோட்டி' என்னும் படக்கதையின் அசல் பக்கங்கள். பன்னீர்செல்வம் கைப்பட வரைந்தவை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டும் சுபஹானிடம்தான் இருந்தன. "வயசாவுது பாய், என் படத்தை நானே ஒரு தடவை பாத்துட்டுத் தரேனே" என்று போன மாதம் அந்த மனுஷர் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பினார். வரைந்தவரிடமே படத்தைக் கொடுப்பதில் என்ன மோசம் வந்துவிடப் போகிறது?

நேற்று சாயந்திரம் கண்டக்டர் ராமதாஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். சுபஹான் திறந்து பார்த்தார். கடல் இருந்த இடத்தில் எல்லாம் வெள்ளைச் சாயம். அதன்மேல் புதுசாக ஒரு கடல். இன்னும் முப்பத்திரண்டு படம் அந்தக் கொலைகாரன் வீட்டில் இருக்கிறது.

"ஹலோ… அண்ணாத்த?… ஆமா, சுபஹான்தான். நலம் விசாரிக்கறதெல்லாம் அப்பால. மொதல்ல ஒண்ணு சொல்லு. கையில பிரஷ் கீதா இப்ப?… கீழ வை. வைய்யா கீழ!… வெச்சுட்டியா?… சரி. இப்ப பேசலாம்.

இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?… திருத்தினியா? யாரு கேட்டா திருத்தச் சொல்லி? பரீட்ச பேப்பரா அது?… ஆமா… ஆமா, நீதான் போட்ட, யாரு இல்லன்னா? போட்ட, அச்சரப்பாக்கத்துலருந்து தபால்ல அனுப்பின, அதோட கை கழுவிட்ட. அப்பால அது இன்னா கதி ஆச்சுன்னு ஒரு நாளு கேட்டிருப்பியா நீ?… நான் கேட்டேன்! சனிக்கெழம சனிக்கெழம ரயிலேறிப் போயி நின்னேன் அந்தப் பத்திரிக ஆபீசு வாசல்ல. குடோன்ல போட்டு வெச்சிருந்தானுங்க. பன்னண்டாம் பக்கத்து மேல டீ கிளாச வெச்சிருந்தானுங்க, வட்டமா கறை, இன்னிக்கும் கீது. முப்பதாம் பக்கத்துல எவனோ வெத்தல போட்ட கைய தொடச்சிகீறான். நாப்பத்தஞ்ச மடிச்சி ஜன்னலு ஆடாம இருக்க முட்டு குடுத்திருந்தானுங்கய்யா! குமட்டிகினு வந்துது எனுக்கு. அந்த வாட்ச்மேனுக்கு தாழ்ப்பாளு, கீலு, கொக்கின்னு கொண்டுபோய்க் குடுத்து, அவன் வூட்டுக் கதவே நம்ப கடையிலதான் வளந்துது. அப்பிடி ஒவ்வொண்ணா கொணாந்தேன். கரப்பான் அரிக்காம, மழைக்கு நமுத்துப் போவாம, மல்லுத் துணியில சுத்தி சுத்தி… எதுக்கு? நீ வந்து வெள்ளையடிக்கறதுக்கா?…

இரு, அந்த வெள்ளை எங்கருந்து புடிச்ச?… இன்னாது?… நானா?… யா அல்லா! போர்டு எழுதறதுக்குன்னுதானேய்யா கேட்ட! நானே மெட்ராஸ்ல வாங்கி, நானே பஸ்சுல ஏத்தி அனுப்பி… தோபா தோபா. பாம்புக்குப் பால வாத்துட்டு, கடிச்சிடுச்சேன்னு டிரங்கால் போட்டுகினு கீறேன் பாரு."

கடைக்கு முன்னால் ஒருவர் அரைக் கிலோ இரண்டங்குல ஆணி வேண்டும் என்று வந்து நின்றார். சுபஹான் அவரைப் பார்த்த பார்வையில், அப்புறம் வருகிறேன் என்று தானாகவே நகர்ந்துவிட்டார்.

"ஆங்… யாரு, எக்ஸ்சேஞ்சா? மார்கரெட்டம்மாவா? மூணு நிமிஷம் ஆயிடுச்சா?… நீட்டுங்கம்மா, நீட்டுங்க… சண்டையெல்லாம் இல்லம்மா… ஆமா, சண்டதான். நீட்டுங்க.

அண்ணாத்த, கீறியா?… சொல்லு, எதுக்குப் பண்ண? காரணத்தயாவது சொல்லித் தொலை… யாரு சிரிச்சா?… எந்தக் கன்னியம்மா?… மீன் கூட தூக்கிகினு வருமே, அதுவா? அது கையில குடுத்தியா படத்த? மீன் கையோடயா!… அதான்! அதான் அம்பத்திரெண்டாம் பக்கம் கவுச்சி அடிக்குது! நான் நம்ப மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிகினு கீறேன்… சீச்சீ… சீ!… இன்னா சொல்லிச்சி அது?… அலை கரையிலருந்து கடலுக்குப் போவுதா? போவட்டுமே! அதுக்கு எங்கயாவது ஜோலி இருக்கும்!… துடுப்ப இப்பிடிப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள பொணமா ஒதுங்குவானா… ம்… அப்பால?… குப்பமே வந்துதா? குப்பமே கூடி நின்னு கைமாத்தி கைமாத்தி பாத்துதா?… எல்லாம் மீன் கையா?… சொல்லாத. போதும். எனுக்கு இன்னிக்கி சோறு எறங்காது.

சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அதுக்கு வெக்கப்பட்டு எம்பது பக்கத்த நாசம் பண்ணுவியா?… தெரியும்யா. கடலோரம் குடி வர்றதுக்கு முந்தி, மதுராந்தகம் ஏரியப் பாத்துதான் கடல போட்டேன்னு நீயே பத்து தபா சொல்லிகீற. நான் மட்டும் இன்னா, கப்பல்லயா பொறந்தேன்? எனுக்குத் தெரிஞ்சதும் கொளவாய் ஏரிதான். அந்தத் தப்புக் கடலுதான்யா என் கடலு! இருவத்தஞ்சு வயசுல, நைனா மௌத்தாயி, இந்தக் கடையில வந்து மாட்டிகினேன். நாள் பூரா ஆணிய நிறுத்து நிறுத்து போட்டுகினு, எங்கயும் போவ வழியில்லாம… புதன்கெழம வரும்யா உன் படகு. ஏறி உக்காருவேன். ரெண்டு வருசம் போனேன் அதுல. ஒரு தபா கூட கவுரலையே!"

குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, புழுதி. லாரி போவுது… இத பாரு. மெட்ராஸ்ல ஒரு டாக்டரு கீறாரு, நானூறு படம் வெச்சிகீறாராம், பெரும பேசுவாரு. பாதி காப்பி! எவனோ பாத்து வரஞ்சத அசல்னு அவர் தலையில கட்டிட்டானுங்க. அவரு மூஞ்சிக்கு நேராவே சிரிச்சேன். படத்தப் பாக்கறதுக்கு முந்தி முதுகப் பாருங்க சார், ஆபீசு ஊதா முத்திரை கீதான்னு பாருங்கன்னேன். எனுக்கு அதுகூட வோணாம். கண்ண கட்டி வுட்டாலும் வெரல வெச்சி சொல்லுவேன், எது உன் கோடு, எது இல்லன்னு. அப்பிடிப்பட்டவன் கிட்ட இந்த வேலைய காட்டினா தெரியாம பூடுமா?… தெரியுதில்ல? அப்ப பேசாத.

மிச்சம் முப்பத்திரெண்டு கீது. அதுல கை வெச்சியா?… ரெண்டு மட்டுமா? 'மட்டும்' வேறயா அதுக்கு!… கட்டி வை எல்லாத்தையும். நாளைக்கு மொத பஸ்சுக்கு நானே வரேன்… அண்ணாத்த… அறுபத்தி நாலு?… அறுபத்தி நாலு எங்க கீது? தொட்டியா, தொடலயா? அத மட்டும் சொல்லு."

அதைக் கேட்கத்தான் டிரங்கால் போட்டதே. நேற்றிலிருந்து கேட்கப் பயந்து ஊரிலிருக்கிற வசவையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அறுபத்து நாலாம் பக்கத்தில் வசனம் கிடையாது, கட்டம் கிடையாது. பக்கம் முழுக்க ஒரே புயல், ஒரே அலை, அலையின் உச்சந்தலையில் அந்தப் படகோட்டி தன்னந்தனியாக. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பார். நாலு வாரமாக அது இல்லாமல் திறந்துகொண்டிருந்தார்.

"பெட்டியிலயா?… இல்லய்யா, நான் பாத்துட்டேன், இல்ல… அடியிலயா? துண்டுல சுத்தியா?… அது படம் ஆடாம இருக்க வெச்ச துணின்னு நெனச்சேன்! இரு… வெச்சிடாத, வெச்சிடாத!"

ரிசீவரைத் தராசுத் தட்டில் வைத்தார். பெட்டியின் அடியில் கையை விட்டுத் துண்டை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

"அண்ணாத்த… கீது… ஒண்ணும் ஆவல… இல்ல, ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன்! ஒரு பொட்டு வெள்ளை இல்ல. அல்லா காப்பாத்தினான்… இதுய்யா! இதுதான்யா கடலு! அந்த அலை எந்திரிக்கறத பாரு, கடைக்குள்ள தண்ணி வந்து மூஞ்சில அடிக்குது. துடுப்ப எப்பிடி புடிச்சிகீறான் பாரு, தோளு நரம்பு தெரியுது. நாலு வாரம் பாக்கலியா, இன்னிக்கி இன்னும் உசுரோட கீதுய்யா. இத தொட உனுக்கே மனசு வரல, பாத்தியா? அந்த எம்பதையும் இது பக்கத்துல வெச்சிப் பாரு. வெக்கமா இல்ல? மீன்காரி சிரிச்சாளாம். இத காட்டியிருந்தா சிரிச்சிருப்பாளா அவ?… ஹலோ?… ஏன் பேசல?… கீறியா?

…இன்னாது?

…புரியல. திருப்பிச் சொல்லு.

…போன வாரமா?… கட்டுமரத்துலயா? நீயா? அறுபத்தோரு வயசுல?… கன்னியம்மா புருசன் கூட… ம்… வாந்தி எடுத்துகினே… மூணு நாளு… ம்… வந்து புது அட்டையில…"

சுபஹான் மெதுவாகப் படத்தைத் திருப்பினார். இருபது வருஷமாக எல்லோருக்கும் சொன்ன புத்தி, இன்றைக்குத்தான் அவருக்கு மறந்துபோயிருந்தது. முதுகில் ஊதா முத்திரை இல்லை. பழுப்பு இல்லை. நேற்று வாங்கின அட்டை மாதிரி பளிச்சென்று இருந்தது.

"…முத்திரை இல்ல.

…பழசு?… அங்கயே கீதா. தொடலியா… சரி… சிரிக்கறியா?… இல்லியா. சரி… ரெண்டு அறுபத்தி நாலுல ஒண்ணு உனுக்கு வோணுமா? இருக்கட்டும், உனுக்கும் ஆச இருக்குமில்ல… எதுன்னா?… எனுக்கு எது வோணும்னு நானா சொல்லணும்?"

பழைய அலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வாரம் தவறாமல் இருபது வருஷம் பார்த்த அலை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார். கையிலிருந்த அலைதான் வந்தது.

"தூ!… இல்ல இல்ல, உன்ன இல்ல அண்ணாத்த. என்ன சொல்லிகினேன். பெரிய கண்ணு, கண்ண கட்டி வுட்டாலும் தெரியுமாம்… தூ… அந்த டாக்டரு எவ்வளவோ மேலு… யாரு?… மார்கரெட்டம்மா, மறுபடியுமா? போதும்மா, நீட்டாதீங்க… இல்ல, நீட்டுங்க… இருங்கம்மா, அவரு ஒண்ணு கேட்டுட்டாரு, நான் இன்னும் பதிலே சொல்ல… ஹலோ?… ஹலோ!… அண்ணாத்த?…"

லைன் போய்விட்டது. ஆணி கேட்டவர் மறுபடியும் வந்து நின்றார். சுபஹான் ரிசீவரை வைத்தார், படத்தை வைக்கவில்லை.