நாக்கை நீட்டிய படம்

இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால், எலவனாசூர்கோட்டை தாண்டி எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒரு பெரியவர், இறந்துபோன தம்பியின் மனைவியிடம் சீறினார்.

“நாக்கை நீட்டிக்கினு இருக்கிற படத்துக்கு எவனாவது மாலை போடுவானா? நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்!”

அவள் மடியிலிருந்த, கண்ணாடி போட்ட கணவனின் படத்தை அணைத்துக்கொண்டாள்.

“அவரு அப்படித்தான் இருந்தாரு மாமா. போன மாசம் இதே மாதிரி பஸ் நின்னப்ப, உளுந்தூர்பேட்டையிலருந்து மரமெல்லாம் தாண்டி நடந்தே வந்தாரு. காலெல்லாம் ரத்தம். வாசல்ல அழுதுக்கினு நின்ன புள்ளைங்களப் பாத்து மொதல்ல நாக்கைத்தான் நீட்டினாரு.”

“ஸ்டுடியோக்காரரு வாயை மூடின மாதிரி வரைஞ்சு தரேன்னாரே?”

“மாலை போட உங்களுக்கு வெக்கமா இருந்தா வுடுங்க, நான் போடறேன். வாயை மூடின அப்பன என் புள்ளைங்களுக்குத் தெரியாது.”