பாபிலோனில் ஒருவன்

மரக்காணத்தில் உப்பள வேலை முடிந்து இரண்டு பெண்கள் ஏறி, பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சேலை ஓரங்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. "எத்தினி பெரிய ராஜாவா இருந்தாலும் விழுந்துதான் ஆவணும்" என்று இளையவள் சொன்னதும் நான் சட்டென்று இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"பாபிலோன் விழுந்துது, பாரசீகம் விழுந்துது, கிரேக்கு, ரோமு எல்லாம் விழுந்துது. எல்லாம் பைபிள்ல முன்னாடியே எழுதியிருக்குதுக்கா. பாஸ்டர் மேப் போட்டுக் காட்டினாரு."

"நம்ம மேஸ்திரி எப்ப விழுவான்னு போட்டிருக்குதா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாபிலோன்ல இனிமே மனுஷனே குடியிருக்க மாட்டானாம். நரிதான் ஊளையிடுமாம்."

"அது எங்கடி இருக்குது?"

"இப்ப அதுக்குப் பேரு ஈராக்கு..." என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

மூத்தவள் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள்.

"என் மவன் அங்கதானே கம்பி கட்டுறான். சண்டை ஆரம்பிச்சதிலேர்ந்து போனே வரல."

"ஐயோ அக்கா, அது பழைய ஊருக்குச் சொன்னது. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

பஸ் கூனிமேட்டைத் தாண்டியது. பிறகு மூத்தவள் கேட்டாள்.

"அங்க யாரும் குடியிருக்க மாட்டாங்கன்னுதானே எழுதியிருக்குது?"

"ஆமாக்கா."

"அப்ப உங்க சாமிகிட்ட சொல்லுடி. என் புள்ள இன்னும் அங்கதான் இருக்கான். எழுதினபடியே அவன ஊருக்கு அனுப்பிடச் சொல்லு."